கேளாச் செவியும் கேளாத ஆசிரியரும்



சில வாரங்களுக்கு முன் என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் சொல்வதெழுதுதல் நடத்திக் கொண்டிருந்தேன். ஆசிரியர் கல்விக் கழகத்திலிருந்து பயிற்சிக்காக வந்திருந்த இளம் ஆசிரியை ஒருவர் வகுப்பின் பின்புறம் அமர்ந்து குறிப்பெடுத்துக் கொண்டிருந்தார். பத்துச் சொற்கள். ஒவ்வொரு சொல்லையும் மும்முறை சொன்னேன். ஒரு மாணவி மட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும், "டீச்சர், இன்னொரு தடவ சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டுக் கொண்டே இருந்தாள். நானும் அவள் பக்கம் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து, நான்காம் முறையும் சொன்னேன்.

பாடம் முடிந்ததும் பயிற்சி ஆசிரியை என்னிடம் கேட்டார்: "டீச்சர், அந்தப் பிள்ள வேணும்னே கேக்குற மாதிரி இருந்துச்சு. உங்களுக்குக் கோவமே வரலையா?"

எனக்கும் ஒரு காலத்தில் கோபம் வந்தது. அந்தக் கோபத்திற்கு ஒரு சிறுவன் விலை கொடுத்தான். அவனைப் பற்றியும், என் பிழையை எனக்கே அடையாளம் காட்டிய ஒரு பேராசிரியரைப் பற்றியும் இன்று எழுத விரும்புகிறேன். அந்தப் பேராசிரியரை நான் நேரில் கண்டதில்லை. அவர் கிறித்தவர், நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். அவர் உளவியல் அறிஞர். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆயினும், என் ஆசிரியப் பணியை மாற்றியவர்களைப் பட்டியலிட்டால் அவர் பெயரை விட்டுவிட முடியாது.

பின்வரிசைச் சிறுவன்

2011ஆம் ஆண்டு. பயிற்சி முடித்து நான் பணியில் சேர்ந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 'இனி எனக்குத் தெரியாத மாணவன் இல்லை' என்ற எண்ணம் வந்துவிடுகின்ற காலம் அது. ஆசிரியப் பணியில் மிகவும் ஆபத்தான காலம் அதுதான் என்று இப்பொழுது தோன்றுகிறது.

அவ்வாண்டு என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். உயரமானவன் என்பதால் பின்வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே அமர்த்தியிருந்தேன். அழைத்தால் திரும்பமாட்டான். கேள்வி கேட்டால் பக்கத்து மாணவனின் முகத்தைப் பார்ப்பான். சொல்வதெழுதுதலில் 'கல்' என்றால் 'பல்' என்று எழுதுவான். 'காடு' அவன் ஏட்டில் 'பாடு' ஆகிவிடும். திடலில் மட்டும் மான்போல் ஓடுவான்.

முதல் ஆண்டு ஆசிரியர் என்னிடம் ஒப்படைக்கும்போதே சொல்லியிருந்தார்: "அவன் கொஞ்சம் மந்தம். பிடிவாதமும் உண்டு." அந்த ஒரு வரியைக் கண்ணாடிபோல் அணிந்து கொண்டுதான் நான் அவனைப் பார்த்தேன். திரும்பாதபோது பிடிவாதம். தவறாக எழுதும்போது மந்தம். எப்பொழுதாவது சரியாக எழுதிவிட்டால், பக்கத்தில் பார்த்து எழுதியிருப்பான்! எந்தச் சான்றும் என் முடிவை அசைக்கவில்லை. எல்லாச் சான்றும் அதை உறுதிப்படுத்தவே செய்தன.

ஒருநாள் நான்கு முறை பெயர் சொல்லி அழைத்தும் அவன் திரும்பவில்லை. பாடம் முடியும்வரை அவனை நிற்க வைத்தேன். எதற்காக நிற்கிறோம் என்பதே தெரியாமல் அவன் என்னைப் பார்த்துக் கொண்டு நின்றான். அந்தப் பார்வையை 'திமிர்' என்று அன்று நான் நினைத்தேன் என்பதை எழுதும்போது இன்றும் கை கூசுகிறது.

ஓர் ஆசிரியரின் பாதை

அவ்வாண்டுதான் பகுதிநேரமாகப் பட்டப்படிப்பைத் தொடங்கியிருந்தேன். வார இறுதிகளில் வகுப்பு. பாடங்களுள் ஒன்று உளவியல். அதற்காக நூலகத்தில் எடுத்த தடித்த நூல் ஒன்றின் ஆசிரியர் டேவிட் மையர்ஸ். வழக்கமாகப் பாடநூல்களில் காணாத ஒரு பரிவு அவருடைய எழுத்தில் இருந்தது. யார் இவர் என்று தேடிப் படித்தேன்.

1942ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டல் நகரில் பிறந்தவர். விட்வொர்த் கல்லூரியில் மருத்துவராகும் எண்ணத்துடன் வேதியியல் படித்தார். பட்டப்படிப்பின் இறுதிக் கட்டத்தில் அந்த எண்ணம் மாறியது. கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்று முடிவு செய்து, அதிகம் படித்திராத உளவியல் துறைக்குள் நுழைந்தார். ஐயோவா பல்கலைக்கழகத்தில் 1967ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் ஹாலந்து என்னும் சிறுநகரில் உள்ள ஹோப் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். டச்சுக் குடியேறிகள் உருவாக்கிய ஊர் அது. சீர்திருத்தத் திருச்சபையோடு தொடர்புடைய கல்லூரி.

புகழ்பெற்ற பின்னரும் அவர் பெரிய பல்கலைக்கழகம் எதற்கும் இடம் பெயரவில்லை. அந்தச் சிறுகல்லூரியே அவருடைய பணிக்களமாக நிலைத்தது. ஆண்டு முழுவதும் மிதிவண்டியில் வேலைக்குச் செல்பவர் என்றும், நண்பகலில் கூடைப்பந்து ஆடுபவர் என்றும் அவருடைய பாடநூலின் அறிமுகக் குறிப்பு கூறும். அங்கிருந்தபடியே 1983இல் சமூக உளவியல் பாடநூலையும் 1986இல் பொது உளவியல் பாடநூலையும் வெளியிட்டார். இரண்டும் பல பதிப்புகள் கண்டு, பல நாடுகளில் மாணவர்களின் கைகளைச் சென்றடைந்தன.

மருத்துவராகியிருந்தால் எத்தனையோ நோயாளிகளுக்கு உதவியிருப்பார். ஆசிரியரானதால், மலேசியாவில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பின்வரிசையில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்திருந்த ஒரு சிறுவனுக்கும் உதவினார். அது அவருக்குத் தெரியாது. ஆசிரியப் பணியின் பலன் பெரும்பாலும் ஆசிரியருக்குத் தெரியாமலேயே நிகழ்கிறது.

கடவுள் உண்டு, ஆனால் அது நானில்லை

மையர்ஸ் இறைநம்பிக்கையுள்ள கிறித்தவர். ஆனால் அவருடைய பாடநூலைப் படிக்கும் ஒருவர் அதில் மதப் பரப்புரையைக் காணமாட்டார். நம்பிக்கை பற்றி எழுத விரும்பியபோது அதற்கெனத் தனி நூல்கள் எழுதினார். அப்படியானால் அவருடைய நம்பிக்கை வகுப்பறையில் எங்கே இருந்தது?

அதற்கு அவர் தரும் விளக்கம் மிக எளியது. தம் நம்பிக்கையின் அடிப்படைகளாக அவர் இரண்டைச் சொல்வதுண்டு. ஒன்று, கடவுள் உண்டு. மற்றொன்று, அந்தக் கடவுள் நானுமில்லை, நீங்களுமில்லை. நாம் கடவுள் இல்லை என்றால் நம் அறிவு குறையுடையது. நாம் உறுதியாக நம்புகின்றவற்றுள் சில நிச்சயமாகப் பிழையாக இருக்கும். எவை என்பதுதான் நமக்குத் தெரியாது. ஆகவே நம் கருத்துகளை இறுகப் பற்றாமல், சோதித்துப் பார்க்க வேண்டும். அறிவியலின் அடக்கமும் சமயத்தின் அடக்கமும் இவ்விடத்தில் கைகோத்துக் கொள்கின்றன என்பது அவர் வாதம்.

இதற்கு விவிலியத்திலிருந்தே ஒரு சான்றும் தருகிறார். ஓர் இறைவாக்கினர் சொன்னது நடக்கிறதா என்று பாருங்கள்; நடக்கவில்லையென்றால் அது இறைவனின் வாக்கன்று என்று மோசே மக்களுக்குக் கூறிய அறிவுரைதான் அது. சொல்பவர் யார் என்று பார்க்காமல், சொன்னது சோதனையில் நிற்கிறதா என்று பார்ப்பது. வள்ளுவர் வழிவந்த நமக்கு இது புதிய கருத்தன்று. ஆனால் பழகிய கருத்து வேறொரு திசையிலிருந்து வரும்போதுதான் சில நேரங்களில் உறைக்கிறது.

தம் நம்பிக்கையின் மீதே இந்த அளவுகோலை வைக்க அவர் தயங்கவில்லை. அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சை பெற்ற 1,802 நோயாளிகளை வைத்துப் பிறர் செய்யும் பிரார்த்தனையின் விளைவை ஆராய்ந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2006ஆம் ஆண்டு வெளியானது. தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா இல்லையா என்று அறியாத இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாக அறிந்த பிரிவினருக்குச் சிக்கல்கள் சற்றுக் கூடுதலாகவே இருந்தன. நாள்தோறும் பிரார்த்திக்கும் மையர்ஸ், விளைவு எதுவும் தெரியாது என்று முடிவு வெளியாவதற்கு முன்பே எழுத்தில் கணித்திருந்தார். பொத்தானை அழுத்தினால் பண்டத்தைத் தரும் இயந்திரமாகக் கடவுளை எண்ணுவது தம் சமயத்தின் போதனையே அன்று என்பது அவர் நிலை.

இதைப் படித்தபோது நம் பள்ளிகள் நினைவுக்கு வந்தன. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்படும்வரை, ஆண்டுதோறும் தேர்வுக்கு முன் சிறப்பு வழிபாடு நடத்துவோம். பென்சில்களைச் சாமி பாதத்தில் வைத்து எடுத்துக் கொடுப்போம். அதை நான் எள்ளி நகையாடவில்லை. என் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளின் படபடப்பு அதனால் தணிவதையும் கண்டிருக்கிறேன். ஆனால் அதே வழிபாட்டில் அந்தப் பிள்ளைகளுக்காக நான் என்ன வேண்டினேன்? 'இவர்களுக்கு நல்ல புத்தியைக் கொடு' என்று வேண்டினேன். 'இவர்களைச் சரியாகப் பார்க்கின்ற கண்ணை எனக்குக் கொடு' என்று ஒருமுறையும் வேண்டியதில்லை.

ஆசிரியர் அறையும் ஓர் ஆய்வும்

மையர்ஸின் ஆய்வுகளுள் என்னை மிகவும் கூனிக் குறுகச் செய்தது ஒன்று. அவரும் ஜார்ஜ் பிஷப் என்பவரும் செய்த அந்த ஆய்வு 1970ஆம் ஆண்டு வெளிவந்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களை, இன வெறுப்பு அதிகம் உள்ளவர்கள், குறைவாக உள்ளவர்கள் என்று பிரித்து, ஒத்த கருத்துடையவர்களைக் குழுக்களாக அமர்த்தி, இனப் பிரச்சினைகளைப் பற்றிக் கலந்துரையாடச் செய்தனர். உரையாடலுக்குப் பின், வெறுப்பு அதிகம் இருந்தவர்களின் வெறுப்பு மேலும் கூடியது. குறைவாக இருந்தவர்களின் வெறுப்பு மேலும் குறைந்தது. ஒரே எண்ணம் கொண்டவர்கள் கூடிப் பேசும்போது அந்த எண்ணம் நடுநிலைக்கு வருவதில்லை, முற்றிப் போகிறது. இத்தகைய ஆய்வுகளுக்காகக் கார்டன் ஆல்போர்ட் பெயரில் அமைந்த பரிசு அவருக்குக் கிடைத்தது.

படித்துவிட்டு நூலை மூடி வைத்தேன். மறுநாள் ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறையில் என்ன நடக்கிறது என்று கவனித்தேன். ஒருவர் அந்தச் சிறுவனின் பெயரை எடுத்தார். இன்னொருவர், "அவனா? என் பாடத்துலயும் அப்படித்தான்" என்றார். மூன்றாமவர், "அவங்க அண்ணனும் அப்படித்தான் இருந்தான்" என்றார். நான் என் பங்குக்கு, நிற்க வைத்த கதையைச் சொல்ல வாயெடுத்தேன். ஐந்து நிமிடத்தில் 'கொஞ்சம் மந்தம்' என்பது 'ஒன்னுக்கும் ஆகமாட்டான்' என்று வளர்ந்திருந்தது. அவனைப் பற்றிப் புதிதாக ஒரு தகவலும் அந்த ஐந்து நிமிடத்தில் வரவில்லை. தீர்ப்பு மட்டும் கடுமையாகிவிட்டது.

எங்களுள் எவரும் கெட்டவர் அல்லர். சோறு கொண்டு வராத பிள்ளைக்குத் தம் உணவைக் கொடுப்பவர்கள்தாம் அனைவரும். நல்லவர்கள் கூடியே ஒரு பிள்ளையை முடித்துவிட முடியும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அமைதியான ஓர் உலகம்

மையர்ஸ் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட மற்றொரு நூல், செவிப்புலன் இழப்பைப் பற்றியது. அது பாடநூலன்று, தன் வரலாறு. அவருடைய தாயார் முதுமையில் செவிப்புலனை முற்றாக இழந்தார். அவருடன் எழுதிக் காட்டித்தான் பேச வேண்டியிருந்தது. அதே குறை மகனுக்கும் படிப்படியாக வந்தது. மனித மனத்தின் தற்பெருமையையும் தன்னை ஏமாற்றிக் கொள்ளும் இயல்பையும் பற்றிப் பாடநூல் எழுதியவர், தமக்குக் காது மங்குவதை ஏற்றுக் கொள்ளத் தாமே எவ்வளவு தயங்கினார் என்பதை மறைக்காமல் எழுதியிருந்தார்.

அந்நூல் வழி நான் கற்றது இது: செவிப்புலன் குறைவு என்பது ஒலியே கேளாமை அன்று. பலருக்கு ஒலி கேட்கும்; சொல் விளங்காது. உயிரொலிகள் வலிமையானவை, எளிதில் கேட்கும். க, ச, த, ப போன்ற மெய்களை வேறுபடுத்திக் காட்டும் ஒலிக்கூறுகள் மெல்லியவை, பெரும்பாலும் உயர்ந்த அலைவரிசையில் அமைந்தவை. அவைதாம் பலருக்கு முதலில் மறைகின்றன. அமைதியான அறையில் ஓரளவு விளங்குவது, இரைச்சலில் அடியோடு விளங்காமல் போகிறது.

'கல்', 'பல்'. 'காடு', 'பாடு'. மின்விசிறியின் இரைச்சல். பக்கத்து மாணவனின் முகத்தைப் பார்த்தல்...

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் அவனை வகுப்புக்கு வெளியே அழைத்துச் சென்றேன். நேருக்கு நேர் நின்று மெதுவாக ஐந்து சொற்களைச் சொன்னேன். நான்கினைச் சரியாகத் திருப்பிச் சொன்னான். பிறகு அவனுக்குப் பின்னால் நின்று, அதே குரலில் வேறு ஐந்து சொற்களைச் சொன்னேன். ஒன்றுகூட வரவில்லை. நான் பேசியதே தெரியாமல், மரத்தில் ஓடிய அணிலைப் பார்த்துக் கொண்டிருந்தான்.

இத்தனை நாளும் அவன் என் வாயசைவைப் படித்துக் கொண்டிருந்திருக்கிறான். நானோ, பெரும்பாலான நேரம் அவனுக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையைப் பார்த்துப் பேசிக் கொண்டிருந்திருக்கிறேன்.

தாயின் அழுகை

தாயாரை வரவழைத்துப் பேசினேன். தொழிற்சாலையில் சுழல்முறை வேலை செய்பவர், சீருடையோடு வந்திருந்தார். சொன்னதும் முதலில் மறுத்தார். "இல்ல டீச்சர், டிவி பாக்குறானே, பாட்டுக் கேக்குறானே." சிறிது நேரம் கழித்து, தமக்கே சொல்லிக் கொள்வதுபோல், "சத்தத்தக் கூட்டி வச்சுத்தான் பாப்பான். நான்தான் திட்டுவேன்" என்றார். பிறகு அழுதுவிட்டார்.

அரசாங்க மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஒலிபுகாத அறையில் அமர்த்திச் சோதித்தார்கள். இரு காதுகளிலும் உட்செவி சார்ந்த நிரந்தரக் குறைவு. உயர்ந்த ஒலிகளில் மிகுதி. செவிப்புலக் கருவி வேண்டும் என்றார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் உறவினர் சிலரும் கைகொடுத்தனர்.

கருவி பொருத்திக் கொண்டு வந்த முதல் நாள், அவன் ஏட்டின் தாளைத் திரும்பத் திரும்பப் புரட்டிக் கொண்டிருந்தான். "என்னய்யா செய்ற?" என்று கேட்டேன். "டீச்சர், இது சத்தம் போடுது டீச்சர்" என்றான். தாள் புரளும் ஒலியை அவன் அன்றுவரை கேட்டதில்லை.

ஆசிரியர் அறையில் செய்தி பரவியது. "எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சு" என்று மூவர் சொன்னார்கள். நடந்து முடிந்தபின் 'முன்பே தெரியும்' என்று எண்ணிக் கொள்ளும் இந்த மனப்போக்கைப் பற்றித்தான் மையர்ஸின் பாடநூல் தொடக்கத்திலேயே பேசுகிறது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அப்படிச் சொல்லிவிடும் விளிம்பில்தான் இருந்தேன்.

கருவி வந்ததும் அவன் முதல் மாணவன் ஆகிவிட்டான் என்று எழுதினால் கதை அழகாக முடியும். அப்படி நடக்கவில்லை. இரண்டு ஆண்டுக் காலம் அரைகுறையாகக் கேட்ட மொழியை ஈடுகட்டுவது எளிதன்று. கருவி, இரைச்சலையும் சேர்த்தே பெருக்கிக் காட்டியதால் சில நாள்களில் கழற்றி வைத்துவிடுவான். குறைநீக்கல் வகுப்பில் மெல்ல மெல்ல எழுந்தான். நான்காம் ஆண்டில் ஒரு பக்கக் கதையைத் தானே வாசித்தான். ஐந்தாம் ஆண்டுத் தொடக்கத்தில் தந்தையின் வேலை காரணமாக அவர்கள் வேறு மாநிலத்திற்குச் சென்றுவிட்டனர்.

தாயாரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் நிற்க வைக்கப்பட்டவன் அவன், அவனிடம் கேட்கவில்லை. 'சின்னப் பிள்ளைதானே, மறந்திருப்பான்' என்று என்னையே சமாதானப்படுத்திக் கொண்டேன். இன்று அவனுக்கு இருபதைத் தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.

குறையைப் பணியாக மாற்றியவர்

மையர்ஸின் கதை செவிப்புலன் இழப்போடு முடியவில்லை. 1999ஆம் ஆண்டு அவரும் அவர் துணைவியாரும் ஸ்காட்லாந்தின் அயோனா தீவில் உள்ள பழைமையான மடாலயத் தேவாலயத்தில் வழிபாட்டிற்கு அமர்ந்திருந்தனர். கற்சுவர்களில் மோதிய குரல் அவருக்கு விளங்கவில்லை. அங்கே செவிப்புல உதவி உண்டு என்று காட்டும் அறிவிப்பைத் துணைவியார் கவனித்துச் சொன்னார். மையர்ஸ் தம் கருவியிலிருந்த ஒரு சிறு விசையை மாற்றினார். அடுத்த கணம், பேசுகின்றவரின் குரல் தெளிவாகக் காதுக்குள் ஒலித்தது. கண்ணீர் வரும் நிலைக்குப் போய்விட்டதாக எழுதுகிறார்.

அதன் பின்னணி எளியது. அரங்கைச் சுற்றி ஒரு கம்பி வளையம் பதிக்கப்பட்டிருக்கும். ஒலிவாங்கியில் பேசும் பேச்சு அக்கம்பியில் மின்னோட்டமாகச் சென்று காந்தப் புலத்தை உண்டாக்கும். செவிப்புலக் கருவியில் உள்ள மிகச்சிறிய கம்பிச்சுருள் அதை உள்வாங்கி மீண்டும் ஒலியாக்கும். இடையிலுள்ள இரைச்சல் காதுக்கு வராது.

ஊர் திரும்பிய மையர்ஸ், இதைத் தம் மாநிலத்திலும் பரப்ப முனைந்தார். ஹாலந்து நகரின் தேவாலயங்களும் அரங்குகளும் அவ்வமைப்பைப் பெற்றன. கிராண்ட் ராபிட்ஸ் விமான நிலையத்திலும் பொருத்தப்பட்டது. கட்டுரைகள் எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். உளவியல் பேராசிரியர் என்ற நிலையிலிருந்து, கேளாதவர்களுக்காக வாதாடுபவர் என்ற நிலைக்கும் அவர் பணி விரிந்தது. அவருடைய நம்பிக்கை இங்கும் அறிவுரையாக வரவில்லை. ஒரு கம்பி வளையமாக வந்தது.

என் வகுப்பறையில் கம்பி வளையம் இல்லை. ஆனால் அதன் நோக்கத்தை நாற்காலியிலும் மேசையிலும் நிறைவேற்ற முடியும். அன்று தொடங்கி இன்றுவரை நான் கடைப்பிடிக்கும் சிலவற்றைப் பகிர்ந்து கொள்கிறேன்.

கரும்பலகையைப் பார்த்துக் கொண்டு பேசுவதில்லை. எழுதி முடித்து, திரும்பி நின்று, பிறகு பேசுவேன். ஒரு மாணவர் பின்னாலிருந்து விடை சொன்னால் அதை நான் ஒருமுறை உரக்கத் திருப்பிச் சொல்வேன். நாற்காலிக் கால்களில் பழைய டென்னிஸ் பந்துகளைப் பொருத்தியிருக்கிறோம். தரையில் இழுக்கும் கீறொலி குறைந்துவிட்டது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பின்னாலும் நின்று மெதுவாகச் சில சொற்களைச் சொல்லிப் பார்ப்பேன். இது மருத்துவச் சோதனை அன்று. ஐயத்தை எழுப்பும் வழி மட்டுமே. ஐயம் வந்தால் பெற்றோரிடம் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளை தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக் கொண்டே போனால், "ஹா? என்ன?" என்று அடிக்கடி கேட்டால், பின்னாலிருந்து அழைக்கும்போது திரும்பாவிட்டால், திட்டுவதற்கு முன் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பிறந்தபோது செய்த சோதனையில் குறை இல்லாதிருந்தாலும் பின்னர் வரலாம். சளி பிடித்தபின் நடுச்செவியில் நீர் தேங்கியும் சிறு பிள்ளைகளுக்குக் கேட்கும் திறன் மங்குவதுண்டு. அது பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகிவிடும்; ஆகாவிட்டால் சிகிச்சை உண்டு.

எல்லாவற்றையும்விடக் கடினமான மாற்றம் வேறொன்று. ஆசிரியர் அறையில் ஒரு பிள்ளையின் பெயர் எழும்போது, நான்காவது ஆளாகத் தலையாட்டாமல் இருப்பது. "நாம நெனைக்கிறது தப்பா இருந்தா, வேற என்ன காரணமா இருக்கும்?" என்று கேட்பது. தொடக்கத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். இப்பொழுது வேறு சிலரும் அக்கேள்வியைக் கேட்கிறார்கள்.

கேள்வி என்னும் அதிகாரம்

திருவள்ளுவர் 40ஆம் அதிகாரத்தில் கல்வியையும், 41இல் கல்லாமையையும் சொல்லிவிட்டு, 42ஆம் அதிகாரத்தைக் 'கேள்வி'க்குக் கொடுத்தார். கல்விக்கு அடுத்துக் கேட்டல். அந்த அதிகாரத்தை மாணவர்களுக்கான அறிவுரையாகவே நான் பல ஆண்டுகள் கற்பித்து வந்தேன். அது ஆசிரியருக்கும் உரியது என்று எனக்குத் தோன்றவே இல்லை. காது இருந்தும் கேளாதவர் அன்று என் வகுப்பில் ஒருவர் இருந்தார் என்றால், அவர் பின்வரிசையில் இருந்தவர் அல்லர், முன்னால் நின்றவர்.

என் சமயம் வேறு, மையர்ஸின் சமயம் வேறு. அவர் நம்பும் அனைத்தையும் நான் நம்பவில்லை. ஆனால், 'நான் கடவுள் இல்லை' என்ற அவருடைய இரண்டாம் அடிப்படையை எந்தச் சமயத்தவரும் ஏற்றுக் கொள்ளலாம். சமயமே வேண்டாம் என்பவரும் ஏற்றுக் கொள்ளலாம். மாணவர் குறிப்பேட்டில் ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு வரி எழுதப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் அதை நினைத்துக் கொள்கிறேன்.

பயிற்சி ஆசிரியைக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை, மணியடித்துவிட்டது. "அந்தப் பிள்ளைக்குப் பின்னால போய் நின்னு, மெதுவா பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் அன்றே செய்து பார்த்தார். மாணவி உடனே திரும்பினாள். அவளுக்குக் காதில் குறையில்லை. தவறாக எழுதிவிடுவோமோ என்ற அச்சத்தால்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். ஆக, என் ஐயமும் பிழைதான். அதையும் சோதித்துப் பார்த்ததால்தானே அறிந்தோம்!

இதை எங்கேயாவது ஓர் இளைஞன் படிக்க நேர்ந்தால், இரண்டாம் ஆண்டில் காரணம் தெரியாமல் நின்ற ஒரு நாள் அவனுக்கு நினைவிருந்தால், இதை என் மன்னிப்பாக ஏற்றுக் கொள்ள வேண்டுகிறேன். அன்று பிழை உன்னுடையது அன்று, தம்பி.

அன்புடன்,
உங்கள் ஆசிரியத் தோழி